உப்பு குறைந்ததற்குக் கேசரி

அழுகிறவர்களைப் பார்த்து, "ஏன் அழுவுறீங்க?" என்று கேட்காமல், "இவ்ளோ கண்ணீர் போனா சோடியம் என்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்ட ஒரே மனிதர், காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும், எங்கள் சோடியம்தான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் போர்டில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பார். எடுத்த குழாயை நெஞ்சோடு அணைத்து, கருட சேவையில் பெருமாளைத் தோளில் ஏந்துபவர்களைப் போல அசங்காமல் நடப்பார். வண்டியில் ஏறமாட்டார்.

"பள்ளத்துல எறங்குனா ரத்த அணு ஒடைஞ்சி பொட்டாசியம் வெளிய வந்துடும்பா. நல்லா இருக்கிறவனும் ரிப்போர்ட்ல சீரியஸ் ஆயிடுவான்."

ஒருமுறை பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் பொறுமை இழந்தார். "யோவ், இன்னா சாமி ஊர்வலமா?"

"இல்லப்பா. உள்ள இருக்கிறது உங்க மாமியாரு."

ஆட்டோ அதன்பின் ஹாரன் அடிக்கவில்லை.

குழாயடியில் இரண்டு பேர் கட்டிப் புரண்டபோது நடுவில் மோர்ச் செம்போடு போய் நின்றார். "அடிச்சிக்கோங்க, வேணாங்கல. வேர்த்து ஊத்துது, ஒரு வாய் குடிச்சிட்டு அடிச்சிக்கோங்க." குடித்தார்கள். சண்டை எதற்கு என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'உப்பு'. "உப்பு மளிகைக் கடையில இருக்குது. ரத்தத்துல இருக்கிறது சோடியம்" என்பார். காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் 'உப்பு' என்றால் சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவு. உப்பு ஏறினால் வீடே அழும், குறைந்தால் கொண்டாட்டம்.

அந்தச் சொல்லை அவர் தாமே வாய்தவறிச் சொன்னது, கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை.

தறிக்கார ஏகாம்பரத்துக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். உப்பை நிறுத்து என்று இன்னும் யாரோ. மனிதர் இரண்டையும் விரதம் போலப் பிடித்துக்கொண்டார். உப்பில்லாச் சோறு, மதியத்துக்குள் ஒரு குடம் தண்ணீர். வியர்க்க வியர்க்க நெய்தார். அன்று காலையில் தறியிலேயே தலை தொங்கிற்று. சோடியம் வந்து ரத்தம் எடுத்துப் போனார்.

முடிவைப் பார்த்ததும் ஏகாம்பரத்தின் மனைவி கமலம்மாவுக்குப் போன் செய்தார். சீக்கிரம் புரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "உப்பு ரொம்பக் கொறஞ்சிடுச்சிமா!" என்றார். அடுத்த வார்த்தைக்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஏகாம்பரத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக உடனே எதிர்வீட்டு ஆட்டோவை அனுப்பினார். ஆட்டோ போய்த் திரும்பியது. இறங்கியது கமலம்மா மட்டும், கையில் ஆவி பறக்கும் கேசரி.

"எதுக்குமா இது?"

"அவருக்கு உப்பு கொறஞ்சதுக்கு சார்! சந்தோஷத்துல இன்னொரு சொம்பு தண்ணி குடுத்துட்டு வந்துருக்கேன்."

கேசரி ஒரு பக்கம், சோடியம் ஒரு பக்கம். அதே ஆட்டோவில் ஏறி வந்து, ஏகாம்பரத்தின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினார்.

"கல்லு கரையட்டும்னுதானே சார் குடிக்கிறாரு?" என்றார் கமலம்மா.

"கல்லுக்கு முன்னாடி மனுசன் கரைஞ்சிடுவாருமா! ஏகாம்பரம், இன்னிக்கு இன்னா கெழமை?"

ஏகாம்பரம் தறியில் பாதி நெய்த சேலையைப் பார்த்தார். "முந்தானை" என்றார்.

தெரு சிரிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம்.

ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றினார்கள். சோடியத்தை ஒரேயடியாக உயர்த்தினால் மூளை தாங்காதாம். நம்மவர் கட்டிலோரம் உட்கார்ந்து, ஏகாம்பரம் கண் விழிக்கும்போதெல்லாம் கிழமை கேட்டார். "புதன்யா, ஆளை விடு!" என்று ஏகாம்பரம் எரிந்து விழுந்தபோது, சோடியம் அழுதார். எவ்வளவு வீணாயிற்று என்று கணக்குப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஏகாம்பரத்தின் ஜன்னலில் தலை நீட்டி, "இன்னிக்கு இன்னா கெழமை?" என்பார். உள்ளிருந்து பதிலோடு இரண்டு வசவும் வரும். திருப்தியாகப் போய்விடுவார்.

போன மாதம் சோடியத்துக்குக் காய்ச்சல், வரவில்லை. ஏகாம்பரம் தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு எழுந்தார். சோடியத்தின் வீட்டு வாசல்வரை நடந்தார்.

"வெள்ளிக்கெழமைபா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.