மாப்பிள்ளைக் கோட்டில் ஒரு நேர்காணல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு 'முதல் அபிப்பிராயம்' என்பதைக் கண்டுபிடித்தான். மூன்றில் எது பெரியது என்று கேட்டால் மூன்றாவதுதான் என்று அடித்துச் சொல்வேன். நேர்காணலில் முதல் ஏழு விநாடிதான் எல்லாம், படிப்பும் அறிவும் எட்டாவது விநாடிக்கு மேல்தான் வேலைக்கு வரும் என்று யூடியூபில் ஒரு மகான் போதித்திருக்கிறார். அவருடைய காணொலிகளைச் சோறு தண்ணி இல்லாமல் பார்த்தவன் நான்.

என் பெயர் ஜெயப்பிரகாஷ். ஊர் மூங்கில்துறைப்பட்டு. பொறியியல் பட்டதாரி, ஆகவே வேலை இல்லாதவன்.

டிராக்டருக்குக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியின் கள்ளக்குறிச்சிக் கிளையில் 'உதவி அலுவலர்' பதவிக்கு ஆள் எடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா இருசம்மாள் கரும்பு வெட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். தலையில் கட்டு சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் சுமக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியும் போகிறவள்.

"இந்த வேலயாவது கெடச்சா நான் வூட்லயே கெடப்பேன்டா. இல்லன்னா ஆலை தொறந்ததும் கட்டு தூக்கத்தான் போவணும்" என்றாள். அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன்.

கோட்டு அவசியம் என்பது மகானின் வாக்கு. எங்கள் பக்கத்தில் கோட்டு என்பது ஓர் ஆண்மகன் ஆயுளில் ஒரே தடவை, அதுவும் கல்யாண வரவேற்பு மேடையில், மூச்சுத் திணறப் போடுகிற உடை. ஆகவே கள்ளக்குறிச்சியில் மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்கு விடும் தங்கமணியின் கடைக்குப் போனேன்.

"பொண்ணு எந்த ஊரு?" என்றார் தங்கமணி.

"பொண்ணு இல்லண்ணே. இன்டர்வியூ."

"அதுக்கும் இதான். மாலைதான் கெடையாது."

கருநீலக் கோட்டு. கழுத்துப் பட்டை மட்டும் கொஞ்சம் மின்னியது. ஷேர் ஆட்டோவில் ஏறியதும், கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "இன்னா மாப்ள, தனியா போறியே, தோழன் வரலயா?" என்று கவலைப்பட்டார். மாப்பிள்ளை கசங்கக் கூடாதென்று மற்றவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருங்கி எனக்கு இடம் விட்டார்கள். வாழ்க என்று வாழ்த்தியும் அனுப்பினார்கள்.

கம்பெனிக்குள் நுழைந்தேன். கிளை மேலாளர் ஆதிமூலம் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அன்று நேர்காணல் நடத்தச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்ததாம். இந்த மாவட்டத்தில் கோட்டு போடுகிறவன் ஒன்று மாப்பிள்ளை, இல்லையென்றால் தலைமை அலுவலகம். அங்கே மேளச்சத்தம் இல்லை. ஆகவே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க! சென்னையிலேர்ந்து எப்ப கெளம்புனீங்க?"

முதல் சொல் 'இல்லை' என்று இருக்கவே கூடாது என்று மகான் எச்சரித்திருக்கிறார். எனவே புன்னகைத்தேன். புன்னகை முடிவதற்குள் அவர் என்னைத் தன் சுழல் நாற்காலியில் உட்கார்த்தி, டீயும் போண்டாவும் வரவழைத்துவிட்டார். எட்டாவது விநாடியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது வாயில் போண்டா இருந்தது.

அந்த நாற்காலியில் என்னதான் வைத்துத் தைத்திருந்தார்களோ, உட்கார்ந்ததுமே எனக்கு ஞானம் பெருகியது. முதலில் வந்த பையனின் ஷூவில் சேறு. "அடுத்தவரைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

"சார் பார்வையே தனி" என்று ஆதிமூலம் புல்லரித்துப் போனார்.

அடுத்து வந்தவள் கலையரசி. எங்கள் எதிர் வீட்டுப் பொன்னுரங்கத்தின் மகள், எம்.காம். படித்தவள். என்னைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "வணக்கம் சார்" என்றாள். அந்த 'சார்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"கடன் வாங்கியவர்கள் தவணை கட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?"

"மாசாமாசம் கேட்டா கரும்புக்காரங்க எங்கேருந்து கட்டுவாங்க சார்? கரும்புப் பணம் வர்ற மாசமா பாத்துத் தவணைய வச்சா அவங்களே வந்து கட்டிடுவாங்க."

எனக்கு அதில் பாதிகூடத் தோன்றியிருக்காது. ஆதிமூலம் என் காதருகே குனிந்தார். "பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஊர்ல எந்தத் தெருன்னு மட்டும் கேட்டுடுங்க சார். நம்ம கஸ்டமரு எல்லாம் பெரிய குடும்பம்."

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். போன இடமெல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், பதில் சொன்னதும் "சொல்லி அனுப்புறோம்" என்றிருக்கிறார்கள். இதைப் பற்றி மட்டும் மகான் காணொலி எதுவும் போடவில்லை. அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்கமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்காலி நன்றாகச் சுழன்றது. மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு, சற்றே முன்னால் சாய்ந்து, மிகுந்த கனிவோடு கேட்டேன்: "ஊர்ல எந்தத் தெரும்மா?"

கலையரசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலனிதான் சார். ஒங்க வூட்டுக்கு எதுத்த வூடு. காலையில ஒங்கம்மா எங்க வூட்லதான் அயர்ன் பொட்டி வாங்கிக்கினு போச்சி."

ஆதிமூலம் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, யாரு நீ?"

பெயரைச் சொன்னேன். எழுந்தும் நின்றேன். அவர் கலையரசியிடம், "நீ போம்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார். அவள் என் பக்கம் திரும்பாமலே போனாள். பின்னாலேயே நழுவப் பார்த்த என் கோட்டுக் கையை ஆதிமூலம் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற? ஒக்காரு. சென்னை சாருக்கு நான் சொல்லிக்கிறேன். வேல ஒனக்குத்தான்."

"எனக்கா? சார், நானும் அதே தெருதான்."

"அதான்டா வேணும். அந்தக் கேள்விய நான் கேட்டா கேசு. நீ கேட்டா வெறும் விசாரிப்பு."

சேர்ந்துவிட்டேன். அம்மா இந்த வருடம் கட்டு தூக்கப் போகவில்லை. கலையரசி போகிறாள். நான் நன்றாக விசாரிக்கிறேன் என்று கம்பெனியில் எனக்கு நல்ல பெயர்.