கூண்டைப் பிடிக்க ஓர் ஆள்

திருவரங்குளம்,
வெள்ளிக்கிழமை (எங்கள் வீட்டுக் காலண்டர்படி திங்கள்).

மதிப்பிற்குரிய இன்னாசி ஐயா அவர்களுக்கு,

தங்கள் மகன் பெலிக்ஸ் கட்டிக்கொண்ட வனிதாவின் தகப்பன், ஓய்வுபெற்ற கண்டக்டர் சிவசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அடைக்கலமேரி அம்மாளும் தங்கள் ஆடு மாடுகளும் கடலைக்காடும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க எல்லாச் சாமிகளையும், தங்கள் சாமியையும் சேர்த்தே, வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் சம்சாரம் பிரகதாம்பாளும், பறவை ஒன்றைத் தவிர்த்து மற்ற எல்லா வகையிலும் நலம்.

நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே பதிவாளர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டபோது நீங்கள் உங்கள் கோயிலைச் சொல்லி வரவில்லை, நான் என் கோயிலைச் சொல்லி வரவில்லை. கல்யாண போட்டோவில் இரண்டு பக்கமும் நண்பர்களாகவே நிற்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி தாடி. அதற்குப் பிறகும் நீங்கள் முதலில் பேசட்டும் என்று நானும், நான் பேசட்டும் என்று நீங்களும் இருந்துவிட்டோம். அப்படிப்பட்ட நிலையில் முதல் கடிதத்திலேயே புகார் எழுதுவது மரியாதை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு ஐயா, அந்த எல்லையையும் அது கொத்திவிட்டது.

அது என்றால் டேனி. பெலிக்ஸ் திருச்சியில் வேலை பார்த்தபோது அறையில் வைத்து வளர்த்தாரே, சாம்பல் நிறத்தில், மஞ்சள் தலையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் வைத்த கொண்டைக்கிளி, அதேதான். பிள்ளைகள் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது முதலில் தங்களிடம்தான் கொண்டுவந்து காட்டினார்களாம். தாங்கள், “கோழியா இருந்தாலும் முட்டை போடும், இது என்னத்தப் போடும்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். நியாயமான கேள்விதான். அது என்ன போடுகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வனிதா கூண்டை எங்கள் வீட்டில் வைத்துவிட்டாள். வந்து பார்த்து நான் சத்தம் போட வாயைத் திறந்ததும் பிரகதாம்பாள் குறுக்கே வந்து நின்றாள். “அவுக வீட்டுலேருந்து நம்ம வாசலுக்கு வந்திருக்கிற மொத உசுரு இதாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளு மாதிரி. ஒரு சொல்லு சொல்லிப்புடாதீங்க.” அன்றைக்கு மூடிய வாய்தான்.

அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை உபசாரம். எங்கள் பக்கத்து முறை தங்களுக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யார் வந்தாலும், அவர் தட்டைத் தட்டிவிட்டாலும், பெண் வீட்டார் “தட்டு சரியில்லைங்க” என்றுதான் சொல்லவேண்டும். இவள் அதைப் பறவைக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிறாள். “டேனித் தம்பி சாப்புட்டாச்சு”, “டேனித் தம்பி அங்கிட்டு உக்காந்திருக்காரு, ஃபேனப் போட்டுறாதீங்க” என்று பேச்சு. தினையை ஊறவைத்து, முருங்கைக்கீரை ஆய்ந்து, காரட் துருவி அதற்கு வைத்த பிறகுதான் எனக்குப் பழைய குழம்பு சுடப்படும். அது என் மூக்குக்கண்ணாடியின் காதை மென்று துப்பியபோது, “நல்ல கண்ணாடியா வாங்கியிருந்தா அவரு ஏன் கடிக்கப் போறாரு?” என்று என்னைத்தான் கேட்டாள். டி.வி. ரிமோட்டில் இப்போது பட்டன் என்று ஏதும் கிடையாது, பல் விழுந்த ஈறு மாதிரி இருக்கிறது. விரலை உத்தேசமாக வைத்து அழுத்தினால் ஏதாவது ஓடும், அதைப் பார்த்துக்கொள்கிறோம். நேற்று எனக்கு வந்தது கடல் ஆமைகள் பற்றி. ஆமைகள் நீந்திக்கொண்டே இருந்தன, எனக்கும் நிறுத்தத் தெரியவில்லை, சாயங்காலம்வரை பார்த்தேன்.

இந்தக் கடிதத்தின் தலையில் கிழமை இரண்டாக இருப்பதற்கும் அதுதான் காரணம். எங்கள் வீட்டில் தாள் கிழிக்கிற காலண்டர்தான் சட்டம், செல்போன் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. டேனி விடிந்ததும் ஆணியில் போய் உட்கார்ந்து, அன்றைய தாளோடு நிறுத்தாமல், ஆசை தீரும்வரை கிழித்துவிடும். நாங்கள் அது தெரியாமல் காபி குடித்துவிட்டு, மிச்சமிருக்கிற தேதியைப் பார்த்து அந்த நாளை வாழத் தொடங்கிவிடுவோம். பிரகதாம்பாள் இப்படித்தான் விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, வில்வம் பறித்துக்கொண்டு பிரதோஷத்துக்குச் சிவன் கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உள்ளே ஓர் ஈ காக்கை இல்லை. நந்தியின் முதுகில் வெயில் மட்டும் படுத்திருந்தது, ஓர் அணில் அதன் காதுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. குருக்கள் எட்டிப் பார்த்து, “பிரதோஷம் நாளைக் கழிச்சுத்தானே வருது?” என்றார். அந்தக் கூட்டமில்லாத பிராகாரத்தில் நாங்கள் இருவரும் வில்வத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். உலகம் இன்னும் வந்து சேராத ஒரு நாளில் முன்கூட்டியே வந்து இடம் பிடித்துவிட்டதுபோல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை என் அக்கா பேத்தி காதுகுத்துக்கும் இப்படியே முன்னாலேயே போய் நின்றோம். பந்தல்கூடப் போடவில்லை. பிள்ளையை உரலில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் சரிகை வேட்டியையும் பட்டுச்சேலையையும் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சமையலில் அது செய்வதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். குக்கர் விசிலை அப்படியே அடிக்கும். அடுப்பில் உண்மையான விசில் ஒன்று வந்தால் ஜன்னலிலிருந்து இது இரண்டு கொடுக்கும், இவள் கணக்குச் சரி என்று அடுப்பை அணைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் பருப்பு வெந்து பல மாதம் ஆகிறது. கடிக்கத் தெம்பில்லாமல் நான் முழுங்கிவிடுகிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது கடைசியில் கைவைத்தது என் தூக்கத்தில். நான் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவன். பணி ஓய்வில் கொண்டுவந்தது ஒரே ஒரு விசில். அதை ஒரு மத்தியானம் சும்மா துடைத்து ஊதிப் பார்த்தேன், அவ்வளவுதான், டேனி தலையைச் சாய்த்துக் கேட்டது, மறுநாளே எங்கள் கார்ப்பரேஷன் முறைப்படி ஊதியது. ஒரு விசில் என்றால் நிற்கவேண்டும், இரண்டு என்றால் புறப்படவேண்டும். இந்த ஒரு வித்தையை நான் பழக வருஷமாயிற்று. இப்போது நான் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் போதும், நாற்காலிக் கையில் வந்து உட்கார்ந்துகொண்டு மெதுவாக இரண்டு ஊதும். உடனே பஸ் கிளம்பிவிடும் ஐயா. சத்தமே இல்லாமல் போகும். இரண்டு பக்கமும் தைலமரக் காடு, அந்த வாசனை, செம்மண் புழுதி மெல்ல எழுந்து அப்படியே அந்தரத்தில் நிற்கும். குடுமியான்மலை வரும், மலையடியில் யாரோ கையாட்டுவார்கள், போய்விடும். முன் ஸீட்டில் வனிதா ரெட்டைச் சடையோடு, பள்ளிக்கூட யூனிபாரத்தில் உட்கார்ந்திருப்பாள். “எங்க போற ஆத்தா?” என்று கேட்பேன். “நீங்க போற எடத்துக்குத்தாம்ப்பா” என்பாள். எனக்கோ எங்கே போகிறோம் என்று தெரியாது, கண்டக்டருக்குத் தெரியாது என்று சொன்னால் நன்றாக இருக்காதே என்று ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன்.

குன்றாண்டார்கோவில் திருப்பத்தில் நீங்கள் நிற்பீர்கள். உங்களை நான் நேரில் பார்த்ததில்லை, பெலிக்ஸ் செல்போனில் பிரகதாம்பாளுக்குக் காட்டிய படத்தை எட்ட நின்று பார்த்ததுதான். அதில் தோள்வரைதான் இருந்தீர்கள், அதனால் கனவிலும் அதற்குக் கீழே சரியாகத் தெரிவதில்லை. ஆனால் கை தெரியும். கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தச் சொல்வீர்கள். வனிதா திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் நிறுத்தத்தான் நினைப்பேன் ஐயா, இது சத்தியம், விசிலை வாயில் வைத்து மூச்சை இழுப்பேன். அதற்குள் இந்தச் சண்டாளப் பறவை இரண்டு ஊதிவிடும். பஸ் போய்க்கொண்டே இருக்கும். பின் கண்ணாடியில் புழுதிக்குள் நீங்கள் கையை இறக்காமல் நின்று சின்னதாகிக்கொண்டே போவீர்கள். விழித்துக்கொண்டதும், ஏற்றாமல் வந்துவிட்டோமே, வெயிலில் நிற்கிறாரே என்று எழுந்து வாசலுக்கே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனைத் தினமும் மத்தியானம் இப்படிப் படுத்துவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். வனிதா ஏழு மாதம் முழுகாமல் இருப்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். ஆவணி கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் வளைகாப்பு வைப்பதாக இருக்கிறோம். வைப்பதாக இருக்கிறோம் என்றுதான் சொல்லமுடியும். ஏனென்றால் வனிதா போனில், “ரெண்டு வீட்டு ஆளுகளும் வந்து வளையல் போட்டாத்தான் கைய நீட்டுவேன். இல்லாட்டி மொட்டக் கையோடவே பெத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். நான் அதட்டிப் பார்த்தேன். “அப்பா, நீங்க கத்துறது கொழந்தைக்குக் கேக்கும்” என்றாள். அதற்கு மேல் நான் எப்படிக் கத்துவது? பிரகதாம்பாள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் பிள்ளை, வெறுங்கையோடு பிரசவத்துக்குப் போவதா என்று அவளுக்கு. எனக்கும்தான்.

அது எங்கள் வீட்டு விவகாரம், அதில் தங்களைத் தொந்தரவு செய்ய நான் எழுதவில்லை. என் கவலை பறவையைப் பற்றியது மட்டும்தான். பளபளவென்று எதைக் கண்டாலும் கொத்துகிற அதன் முன்னால் தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையலை எப்படி வைப்பது? பிள்ளைத்தாய்ச்சிப் பெண் எப்படி மத்தியானம் கண்ணயர்வாள்? ஆகையால் தாங்கள் தயவுசெய்து ஆவணி கடைசி ஞாயிறு, காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள், தற்செயலாக அதுதான் வளையல் போடுகிற நேரமும்கூட, எங்கள் வீட்டுக்கு வந்து தங்கள் மகனின் பறவையை எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் பைக்கில் வருவதாக இருந்தால் ஓட்டிக்கொண்டே கூண்டைப் பிடிக்கமுடியாது, பிடிக்க ஓர் ஆள் வேண்டும், ஆகையால் அடைக்கலமேரி அம்மாளையும் அவசியம் அழைத்து வரவும். கூண்டைக் கழுவித் துடைத்துத் தரக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் பந்தி போட்டிருப்பார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் இருக்கும். வெறும் வயிற்றோடு பறவையைத் தூக்கிக்கொண்டு போவது நல்லதல்ல என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்தப் பெரியவர்கள் என்று கேட்கவேண்டாம். வந்த இடத்தில் அம்மாள் பிள்ளையின் கையில் இரண்டு வளையல் போட்டுவிட விரும்பினால் அதற்கும் ஆட்சேபணை இல்லை.

தங்கள் வீட்டில் பால் பொங்கவும், போர்வெல்லில் தண்ணீர் வற்றாமல் இருக்கவும், கடலை நல்ல பருப்புப் பிடிக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சிவசாமி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதைப் பிரகதாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, சம்பந்தி வீட்டு ஆளுகள வளகாப்புக்கு லெட்டர் போட்டா கூப்புடுவாக? வெத்தலை பாக்கு வச்சு, வாசல்ல போய் நின்னுல்ல கூப்புடணும்!” என்றாள். “நான் எங்க கூப்புட்டேன்? பறவைய எடுத்துட்டுப் போகச் சொல்லித்தான எழுதியிருக்கேன்” என்றேன். “டேனித் தம்பிய யாரு குடுக்கறதா இருக்கா?” என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அப்படி ஓர் உத்தேசம் இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆகையால் மேலே கண்ட புகார் அனைத்தும் ரத்து. பறவையை எடுக்க நீங்கள் வரவேண்டியதில்லை. இந்தக் கடிதமும் தபாலில் வராது, நானே கொண்டுவருவேன். நேரில் நின்றால் எனக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கிழித்துப் போடாமல் எடுத்து வருகிறேன். உங்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நின்ற கிழவன் நான்தான். தலையை நிமிர்த்திப் பாருங்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் தாம்பாளத்தோடு நிற்பது பிரகதாம்பாள். அவளுக்கு முழங்கால் வலி, வெகுநேரம் நிற்கமாட்டாள். எங்களை உள்ளே கூப்பிடுங்கள், சம்பந்தி.