சாலமோனின் சாம்பிள் கடை

ஆறு சவப்பெட்டிகளும் சமையலறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தபோது, சின்ன மகள் வீட்டிலிருந்து நாளைக்கு வரவேண்டிய மாமியார் இன்றைக்கே வந்து கதவைத் தட்டினார்.

வில்பிரட் பெட்டிகளை அள்ளி அரிசி டின்னில் போட்டுப் புதைத்தான். ஒவ்வொன்றும் விரல் நீளம்தான். ஆனால் மூடி, சிலுவை, பித்தளைக் கைப்பிடி எல்லாம் பெரிய பெட்டியில் உள்ளபடியே.

சவப்பெட்டிக்கார சாலமோனுக்கு ஒரு தொழில்முறை இருந்தது. தாம்பரத்தில் அவர் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட ஆளில்லை. அதனால் கடையையே இரண்டடி அகலப் பொம்மைக் கடையாகச் செய்து, துணி போட்டு மூடி, சாவு வீட்டுக்குக் கொண்டுபோவார். உள்ளே அலமாரியில் தேக்கு, பலா, மா என்று ஆறு குட்டிப் பெட்டிகள். அழுகிறவர்கள் அழுகையை நிறுத்தாமலே விரலை நீட்டினால் போதும். போன வாரத்து மழையில் முடிச்சூர் ரோட்டுப் பள்ளத்தில் ரிக்‌ஷா கவிழ்ந்து, கடைமேல் ரிக்‌ஷாக்காரரே உட்கார்ந்துவிட்டார்.

"சார், சர்ச்சுல வருசா வருசம் பெத்லகேமையே செய்யிற கையி. இது இன்னா, சின்னக் கடை" என்று சாலமோன் வில்பிரட்டின் முன்னால் நொறுங்கிய கடையின் மூட்டையை அவிழ்த்தார். "சேலையூர்ல ஒரு பெரியவரு மூணு நாளா இழுத்துகினு கீறாரு. அவரு முடிக்கிறதுக்குள்ள நீ முடிச்சிக் குடுத்துடு சார்."

புகழ்ச்சியில் வில்பிரட் மாட்டிக்கொண்டான். ஆனால் வீடு மாமியார் ரத்தினபாயுடையது. அதை மூத்தவள் ஞானஜோதிக்கு எழுதுவதா, பல்லாவரத்துச் சின்னவளுக்கு எழுதுவதா என்று எட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். அந்த உயிலுக்குக் காத்திருந்தே ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாக்கள் இரண்டு பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். ஞானஜோதியின் புருஷன் வீட்டுக்குள் உட்கார்ந்து சவப்பெட்டி செய்கிறான் என்று தெரிந்தால், அன்றைக்கே உயில் பல்லாவரத்துக்குப் போய்விடும்.

ரத்தினபாய் உள்ளே கால் வைத்ததும் மூக்கைப் பிடித்தார்.

"என்ன மாப்ள, என்னமோ செத்து நாறுதே."

அடுப்பில் வஜ்ஜிரம் கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற தச்சுப் பசை. அதன் வாடைக்கு அனகாபுத்தூர் தோல் மண்டிக்காரர்களே எழுந்து ஓடுவார்கள்.

"எலி, அத்தை. பரண்ல செத்துக் கிடக்கு."

"அப்ப எடுங்க" என்று மாமியார் தாமே ஏணியை இழுத்துவந்து சாத்தினார்.

பரணில்தான் அரைகுறையாக ஒட்டிய கடை இருந்தது.

"எடுத்துப் போட்டாச்சு அத்தை. வாடைதான் போகலை."

"சாம்பிராணி போடுங்க."

அந்த வீட்டில் சாம்பிராணி புகைந்ததே கிடையாது. ஞானஜோதி பக்கத்து வீட்டு நூர் பீவியிடம் ஓடினாள். வஜ்ஜிரப் புகையில் அவள் கண் இரண்டும் சிவந்து, நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"யாருக்குடி சாம்பிராணி?"

"அம்மாவுக்கு" என்று மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் திரும்பி ஓடிவந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு நூர் பீவி, சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் ஒரு குண்டான் கறிக் குழம்போடு வந்தார். பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவே வந்தது. கதவைத் திறந்தது ரத்தினபாய்.

"யாரு போயிட்டாங்க, நூரு?"

நூர் பீவி குண்டானோடு இரண்டு படி இறங்கினார். "நீங்கதான் அக்கா."

"நானா?"

"ஜன்னல்ல பொட்டி காஞ்சுது. நாத்தம் வந்துது. ஜோதி அழுதுகிட்டே அம்மாவுக்கு சாம்பிராணின்னுச்சு. நான் வேற என்னான்னு நெனைக்கிறது?"

"என்ன பொட்டி?"

"தீப்பெட்டி, அத்தை" என்று வில்பிரட் குறுக்கே விழுந்தான். "மழையில நமுத்துப் போச்சு. காய வெச்சேன்."

ரத்தினபாய் குண்டானை வாங்கிக்கொண்டார். "எனக்காக வந்த குழம்பு. நானே சாப்பிடறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். எல்லாரும் உள்ள வாங்க. ஜோதி, உலை வை."

வில்பிரட் அரிசி டின்மேல் பாய்வதற்குள் அவர் ஆழாக்கை உள்ளே விட்டு மொண்டுவிட்டார். அரிசியோடு ஒரு சவப்பெட்டி வந்தது.

ரத்தினபாய் மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளே வெள்ளை லேஸ் விரித்திருந்தது. கோயிலுக்கு மட்டும் கொண்டுபோகும் தம் கைக்குட்டையை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"எனக்கு இது பத்தாதே, மாப்ள."

"உங்களுக்கு இல்ல அத்தை. சத்தியமா யாருக்கும் இல்ல. இது சாலமோன் கடை சாம்பிள். கடையே பரண்ல இருக்கு, இறக்கிக் காட்டுறேன்." வில்பிரட் ஏணியில் ஏறிய வேகத்தில் இரண்டு படிகள் கழன்று விழுந்தன. பல்லாவரத்துச் சின்னவள் இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற காட்சி அவனுக்குப் பரணின் இருட்டிலேயே தெரிந்தது. கடையைக் கட்டிப் பிடித்தபடி அங்கேயே குந்திவிட்டான்.

அப்போதுதான் சேலையூர்ப் பெரியவர் முடித்துவிட்டார் என்ற செய்தியோடு சாலமோன் வாசலுக்கு வந்தார். பரணில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. ரத்தினபாயின் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மரியாதையாகத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மூத்த மருமவப்புள்ளைய இதுல வெச்சி எடுத்தப்புறம்தான் வூட்டப் பொண்ணு பேருக்கு எழுதுவேன்னு போன மாசம் அளவு குடுத்துட்டுப் போனீங்களே, அந்தத் தேக்குதாம்மா இது."