கம்பிக்கு வைத்த பொட்டு

பக்தி கூடிப்போனாலும் வேலை கெடும், பிள்ளைகளே. எனக்கு வேலையே போகப் பார்த்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் ஒரு கல்லூரி. அங்கே ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளனாக (அதாவது, துடைக்கிறவனாக) இருந்தேன். எங்கள் மேடம் ஒரு கருவி வைத்திருந்தார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய், உள்ளே கொஞ்சம் ஆர்கான் வாயு, வெளியே செம்புச் சுருள். சுருளில் ரேடியோ அலை வேகத்தில் மின்சாரத்தை விட்டால், தொடாமலேயே உள்ளிருக்கும் வாயு சூடாகி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடி, ஊதாவாக ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. (நான் ரத்தம் என்று நினைத்து, யாருடையது என்று கேட்டேன்.) அதற்குள் நீட்டியிருக்கும் ஊசி மாதிரியான கம்பிதான் எலக்ட்ரான்களை அளந்து மீட்டரில் காட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூர் அதிகாரிகள் இருவர் பார்க்க வருவதாக இருந்தது. மீட்டர் ஒழுங்காகக் காட்டினால் ஆய்வகம் நிலைக்கும், என் வேலையும் நிரந்தரம். சும்மா இருப்பேனா? முந்தின நாள் குழாயைத் திறந்து துடைக்கும்போதே, சந்தனம் குழைத்து, குங்குமம் சேர்த்து, பக்தியோடு பூசையை முடித்து, குழாயை மூடிவிட்டேன்.

மறுநாள் குழாய் ஊதாவாக ஜொலித்தது. மீட்டரில் சைபர்.

"பிளாஸ்மா இல்லைங்குதே மீட்டர்! அப்ப நாம பாக்குறது என்ன?" என்றார் பெரிய அதிகாரி.

மேடம் என் பக்கம் திரும்பினார். "முத்தையா, கம்பியத் தொட்டீயளா?"

"சத்தியமா தொடல மேடம். பொட்டு மட்டுந்தான் வச்சேன்."

"எங்கன?"

"நுனியில. அதுதான மேடம் வேல பாக்குது?"

காய்ந்த சந்தனம் மின்சாரத்தை விடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்? திறந்து துடைத்து, மறுபடி காற்றை உறிஞ்ச மதியமாகிவிடும். நல்லவேளை, சாரல் காலம்.

"இவங்கள அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்கன நின்னு எதையும் கும்புட்டுராதீய!" என்று மேடம் என்னைத் துரத்தினார்.

ஐந்தருவியில் குளித்து, தலை துவட்டிக்கொண்டே திரும்பினார்கள். இந்த முறை மீட்டர் ஏறியது.

"பொட்டு மறச்சா கம்பிக்கு ஒண்ணும் வராது, காலைல சைபர் காட்டுனதும் சரிதான். உங்க மீட்டர் பொய் சொல்லல," என்று சிரித்தபடி, ஆய்வகம் தொடரப் பெரிய அதிகாரி சம்மதித்துவிட்டார். என் வேலையும் நிரந்தரமானது. பூசை மட்டும் ஆய்வகக் கதவோடு நிற்க வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். தொட்டால் சுடுகிறது, தெர்மாமீட்டர் ஏறவேயில்லை. என் மனைவி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னட்டி பாக்கே?"

"நுனியில சந்தனம் இருக்கான்னு பாக்கேன்."