வால் பெட்டிசம்

கண்டிப் பட்டணத்தில் இங்கிலீஷ் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அதைத் துரைமார் வாயிலிருந்து சுடச்சுடப் பிடுங்கியவர் ஒரே ஒருவர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் இலக்கணம் படித்துப் பரிசும் வாங்கியவன் நான். நானே ஒப்புக்கொள்கிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

மலையெல்லாம் காப்பியாக இருந்த காலம் அது. மஹய்யாவையில் ஒரு காப்பிக் கிட்டங்கியில் எனக்குக் கிளார்க்கு வேலை. கிட்டங்கிக்கு எதிரே, மாத்தளை ரோட்டோரமாக, அலவத்துகொடக்காரரான முஸ்லிம் நானா ஒருவரின் பாக்குக்கடை. அந்தக் கடை விறாந்தையில் மேசையும் கதிரையும் போட்டுக்கொண்டு, அரசாங்கக் கச்சேரிக்கும் தோட்டத்துத் துரைமாருக்கும் இங்கிலீஷில் மனு எழுதிக்கொடுத்தவர்தான் நம் ஆசாமி. மனுவை இங்கே பெட்டிசம் என்போம், ஊர் அவருக்கு வைத்த பேர் வால் பெட்டிசம். என்னைவிட இரண்டு வயசு இளையவர். ஆனால் என்னை அவர் ஒருநாளும் மதித்ததாக ஞாபகம் இல்லை.

வால் என்றால் குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள். நடந்த கதையைச் சொல்லும்போது இங்கிலீஷ்காரன் அடிக்கடி வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டை ஒட்டுவான். சென்ட் என்றால் அனுப்பினான். சென்ட் டவுன் என்றால் கீழே அனுப்பினான். சென்ட் ஃபார் என்றால் ஆள்விட்டு வரவழைத்தான். அந்தத் துண்டுதான் வால். எதற்கு எந்த வால் என்று என் இலக்கணப் புத்தகத்தில் பட்டியல் உண்டு. அவரிடம் அதைவிடத் தடித்த நோட்டு ஒன்று இருந்தது. துரைமார் நிஜமாகவே பேசியதைக் காதால் கேட்டால்தான் அதில் எழுதுவார். நான் எதையாவது திருத்தப் போனால், அது புத்தகத்து இங்கிலீஷ், நமக்குப் பதில் எழுதுவது புத்தகமா என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்தப் பாடத்தை அவர் தொடங்கியது துரைமார் தங்கும் ஒரு ஹோட்டலில், பங்கா இழுக்கும் ஆளாக. சாப்பாட்டுக்குப் பிறகு துரைமார் வேறென்ன பேசுவார்கள்? நேற்று சுட்ட பன்றி, போன வாரம் விழுந்த குதிரை, எல்லாம் நடந்து முடிந்த கதைதான். நம்மவருக்கு அதுவே அறுவடை. புதிய வால் ஒன்று காதில் விழுந்தால் கயிற்றை விட்டுவிட்டு நோட்டை எடுத்துவிடுவார். துரைமாருக்கு வேர்த்துக் கொட்டும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். எந்த வாலோடு அனுப்பினார்கள் என்பதையும் எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு நாள் குளக்கரையில் இரண்டு துரைமார் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் தம் சமையல்காரன் ஓடிப்போன கதையைச் சொல்லி, "ரேன்" என்று வாயெடுத்த நேரத்தில் குதிரை பாய்ந்துவிட்டது. வால் வரவில்லையே! மனுஷன் விடுவாரா? அரை மைல் பின்னாலேயே ஓடினார். துரை பயந்துபோய்ப் பொலிசில் சொல்ல, பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். நான் பதறியடித்துக்கொண்டு போனால், இவர் சார்ஜனிடம் துரையின் முறைப்பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ரேன் ஆஃப்டர் மீ, என்னைத் தொரத்துனான்னு சொல்லியிருக்காருங்க. ஒண்ணத் தேடிப் போனேன், வேற ஒண்ணு கெடச்சிருச்சு" என்றார். அந்தச் சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

வண்டிக்காரர் ஒருவரின் மாட்டைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள். நான் இலக்கணம் பிசகாமல் எழுதிக்கொடுத்த மனு குப்பைக்குப் போனது. வால் பெட்டிசம், இரண்டு துரைமார் கதை பேசுவதுபோல ஒன்று எழுதினார். கச்சேரித் துரை அதை வாசித்துச் சிரித்து, வீட்டுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாராம். மாடு அன்றைக்கே வந்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று நானாவிடம்தான் கேட்டேன்.

"அது பைத்தியம் இல்ல தம்பி. பொஞ்சாதியத் தேடுற ஆள் அது" என்றார் நானா.

நானா சொன்ன கதை இது: அக்கரையான இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கங்காணியின் கூட்டத்தோடு காட்டுவழியாக நடந்து வந்தபோது, மாத்தளையில் கூலியாட்கள் தங்கும் மடுவத்தில் இவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. நோயாளியை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்துவிடும், அதுதான் வழக்கம். கல்யாணமாகி நாலு மாசமான மாரியாயியையும் கங்காணி இழுத்துக்கொண்டு போய்விட்டான். எந்தத் தோட்டத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. இவர் பிழைத்து எழுந்து கண்டிக்கு வந்தார். தோட்டத்துக்குள் போய்த் தேடவும் வழியில்லை. அந்நியன் கால் வைத்தால், ஆள் கடத்த வந்தவன் என்று அடித்து விரட்டுவார்கள். துரைக்குக் கடுதாசி எழுதித்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் இங்கிலீஷ்.

அதன்பிறகு அவரைத் திருத்துவதை நான் விட்டுவிட்டேன். ஒருநாள் அவராகவே சொன்னார். "சென்ட்னா அனுப்புனான், டேக்கன்னா கொண்டுபோனான், கான்னா போயிட்டான், இதெல்லாம் யாரு வேணுமின்னாலும் படிச்சிரலாம். ஆளு எங்க போச்சுன்னு வாலுதாங்க சொல்லும்."

மூன்று வருஷம் தோட்டம் தோட்டமாக எழுதினார். மாரியாயி என்ற பேரில் ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேர் இருப்பார்களே! அதனால் இன்னாருடைய மனைவி மாரியாயி என்று தம் பேரைக் கொட்டையெழுத்தில் போட்டுக் கேட்பார். நல்ல துரைமார் ஆள் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துப் பதிலும் எழுதினார்கள். அப்படி ஒருவருடைய மனைவி இங்கே இல்லை என்பதுதான் எல்லாப் பதிலும். ஒவ்வொரு பதில் வந்த அன்றும் அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த மேசை பளபளவென்று இருக்கும்.

இதை ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அவரு பேரு புத்தகத்துல எப்புடிங்க இருக்கும்? பதியிறப்ப அந்தப் பொண்ணுதானே சொல்லியிருக்கணும். நான் என்னைக்காச்சும் ஒங்க பேரச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

அட, அதுதானே! புருஷன் பேரை எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாள். கங்காணி வாய்க்கு வந்த பேரைச் சொல்லிப் பதிந்திருப்பான். துரைமாரின் நாக்கு நுனிவரைக்கும் போய்வந்த மனுஷர், பரிசு வாங்கிய நான், இப்படி இரண்டு பெரிய இங்கிலீஷ் மேதைகளும் மூன்று வருஷமாக இதை யோசிக்கவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, வேறு எதைச் சொல்லிக் கேட்பது என்று என்னையே கேட்டார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது மாரியாயி என்ன செய்தாள் என்று என் மனைவி கேட்டுவரச் சொல்லியிருந்தாள். சேலையில் பாதி முந்தானையைக் கிழித்து, நனைத்து, நெற்றியில் போட்டுவிட்டுப் போனாளாம். சரி, பாதி முந்தானையோடு வந்து சேர்ந்த பெண் யார் என்று லயங்களில் குடியிருக்கும் தோட்டத்துப் பெண்களிடம் விசாரிக்கும்படி எல்லாத் துரைமாருக்கும் புதிதாக எழுதினோம். இந்தத் தடவை நானும் கூட உட்கார்ந்து எழுதினேன்.

ஒரு மாசத்துக்குள் கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பதில் வந்தது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அத்தனை நோட்டு எழுதிய மனுஷருக்கு அந்த நாலு வரி விளங்கவில்லை. நான் வாசித்தேன். அப்படி ஒரு பெண் இருந்தாள். இரண்டு அறுவடை வேலை செய்தாள். புருஷனைத் தேடிப் போக வேண்டும் என்று கங்காணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் விடவில்லை. போன வருஷம் ஒரு காலையில், மடுவத்தில் விட்டுவந்தவரைப் பார்த்துவரப் போகிறேன் என்று மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டு வடக்கே நடந்துவிட்டாள்.

கலஹாவிலிருந்து மாத்தளைக்குப் போகிறவர்கள் பேராதனை வந்து, கண்டி வந்து, இந்த ரோட்டு வழியாகத்தான் போவார்கள். கடை விறாந்தைக்கும் ரோட்டுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. அவரே ரோட்டைப் பார்த்தார்.

"இப்புடித்தாங்க போயிருப்பா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுதிக்கிட்டு இருந்திருப்பேன்."

நானா கடைக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் மாத்தளைக்குப் புறப்பட்டுவிட்டார். கையில் ஒரு மூட்டை, தோளில் ஒரு குடை. நோட்டை என்னிடம் தந்தார். அங்கே அவள் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அவ என்னைத் தேடி நடந்த ரோட்டுல நானும் நடந்தேன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு இலையில் நோய் விழுந்து காப்பி போயிற்று. கிட்டங்கியை மூடினார்கள். நானா ஊரோடு போய்விட்டார். வால் பெட்டிசம் திரும்பி வரவேயில்லை. தனியாளாக நின்றிருந்தால் அந்த மேசைக்குத்தானே வந்திருப்பார், வராதபடியால் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்துகொண்டோம். அவர் வராத ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு நல்ல சேதிதான்.

ஆனாலும் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம், மனுஷன்.