மூன்று நிமிடம் சிரித்த சார்

ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்தவரைக் கொஞ்ச நாளைக்கு நம்பக் கூடாது. போகும்போது மனுஷராகப் போவார். திரும்பும்போது வேறு ஏதோவாக வருவார். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகத் தெளிந்துவிடும். எனக்குத்தான் வேப்பிலை தேவைப்பட்டது.

அப்போது நான் விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மைகள் செய்கிற செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். தற்காலிகம் என்றால், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் முதலில் வெளியே போகிற ஆள் என்று அர்த்தம். என் மூன்றாம் வகுப்பில் பர்வீன் என்று ஒரு குழந்தை. வீட்டில் வாய் ஓயாதாம். பள்ளிக்குள் வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. அவளுடைய அத்தா குவைத்தில் இருந்தார். அம்மா ஒருநாள் நேராகத் தலைமையாசிரியையிடம் வந்துவிட்டார்.

"அரையாண்டு வரைக்கும் பாப்பேன் டீச்சர். அதுக்குள்ள இவ வாயத் தொறக்கலன்னா இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடுவேன். எங்க தெருவுல எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவர் போனதும் தலைமையாசிரியை கலைச்செல்வி அம்மா என்னைப் பார்த்தார். "சார், அந்தப் புள்ள போச்சுன்னா தெருவே போயிடும். தெரு போச்சுன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். மிச்சம் எனக்கே புரிந்தது.

அந்த வாரம்தான் பயிற்சி வந்தது. புது முறையைச் சென்னையில் சிலருக்குச் சொல்லித்தருவார்கள். அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்ல, கடைசியில் எங்களுக்கு வந்து சேரும். (நாலு கை மாறி வந்த பாலில் எவ்வளவு பால் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் திரையில் படம் போட்டதும் கரண்ட் போய்விட்டது. மனிதர் அசரவில்லை. மீதியை ஞாபகத்திலிருந்து சொன்னார்.

"கேள்வியக் கேட்டுட்டு நாமளே பதிலயும் சொல்லிடறோம். அப்புறம் புள்ள எப்புடிங்க பேசும்? கேட்டுட்டுக் காத்திருங்க. மூணு நிமிஷம். பேசாதீங்க, நகராதீங்க. புள்ளைங்க கண்ணப் பாத்து சிரிச்ச மொகமா நில்லுங்க. ஊமையா இருக்கற புள்ளயும் தானா பேசும்."

எனக்குப் புல்லரித்தது. பர்வீனை மனதில் வைத்தே சொன்னது போலிருந்தது. பாடத்துக்கு உள்ளூர்ப் பொருள் ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னதால், திரும்பும் வழியில் பேட்டையில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தேன். முழ உயரத்தில் ஒரு பெண் பொம்மை கிடைத்தது. சூளையிலிருந்து எடுத்து இன்னும் வர்ணம் அடிக்காதது. வெள்ளை வெளேரென்றிருந்தது. கண் எழுதவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு.

"வர்ணம் அடிச்சதே குடுக்கறனே சார்" என்றார் பட்டறைக்காரர்.

"வேணாங்க. மீதியைப் பசங்க கற்பனை பண்ணிக்கட்டும்" என்றேன். (பண்ணிக்கொண்டார்கள்.)

மறுநாள் ஐப்பசி மழை. காலையிலேயே விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிவிட்டது. வகுப்பில் விளக்கும் எரியவில்லை. பொம்மையை மேசைமேல் வைத்து, மூடியிருந்த துண்டை மெதுவாக எடுத்தேன். வகுப்பு அடங்கியது.

"இந்தப் பொம்மை எங்கேருந்து வந்துச்சு?"

"பேட்டையிலேருந்து சார்" என்றான் முன்வரிசை சதீஷ். சரியான பதில். ஆனால் மூன்று நிமிடம் ஆகவில்லையே! நான் அவன் கண்ணைப் பார்த்துச் சிரித்தபடி நின்றேன். அவன் குரல் இறங்கியது. "கடையிலேருந்தா சார்?" நான் சிரித்தேன். "மண்ணுக்குள்ளேருந்தா?" என்றாள் ஒருத்தி. அதற்கும் சிரித்தேன். சரியான பதில்கள் தீர்ந்துபோனால் பிள்ளைகள் வேறு மாதிரிப் பதில்களைத் தேடுவார்கள் என்பதைக் கருத்தாளர் சொல்லவில்லை.

"சுடுகாட்டுலேருந்தா சார்?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது சிரித்துக்கொண்டே நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். கன்னம் இழுத்தது. உதடு நடுங்கியது. கண்ணை இமைக்காமல் வைத்திருந்ததில் தண்ணீர் வழிந்தது. அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பிள்ளையாக என் முகத்தை விட்டு, என் தோளுக்குப் பின்னால் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே இடத்தை.

பின்னால் கரும்பலகையைத் தவிர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடரி சில்லிட்டது. திரும்பிப் பார்க்கலாம் என்றால், நகரக் கூடாது என்று உத்தரவு. மெய்யாகவே இந்தப் பொம்மை எங்கிருந்துதான் வந்தது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து பர்வீன் எழுந்தாள். என்னை நோக்கிக் கையை நீட்டி, கணீரென்று சொன்னாள்.

"சாருக்குள்ள யாரோ இருக்காங்க!"

பேசிவிட்டாள்! எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் என்ன சொன்னாள் என்பது காதில் ஏறவே இல்லை. அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்துக் கிளம்ப, கண்ணீர் வழியும் முகத்தோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தேன். "வா! கிட்ட வா! இன்னும் சொல்லு!"

வகுப்பு காலியானது. செருப்புகள் மட்டும் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டு வந்துவிட்டது. சத்துணவு ஆயா வேப்பிலைக் கொத்தோடு முன்னால் நின்றார். பர்வீனின் அம்மா ஒரு பாட்டிலில் பள்ளிவாசலில் ஓதின தண்ணி கொண்டுவந்திருந்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒருபக்கம் வேப்பிலை அடி, மறுபக்கம் தண்ணீர்த் தெளிப்பு. (மத நல்லிணக்கம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு முதுகு அரிக்கும்.)

"யாரு நீ? எங்கேருந்து வந்த?" என்று அதட்டினார் ஆயா.

"பயிற்சியிலேருந்துங்க."

"எதுக்கு வந்த?"

"பர்வீனைப் பேச வைக்க."

"யா அல்லா!" என்று அலறினார் பர்வீனின் அம்மா.

"எப்பப் போவ? உண்மையச் சொல்லு!"

நான் தற்காலிக ஆசிரியன். உண்மையைத்தான் சொன்னேன். "அரையாண்டுல தெரியும்ங்க."

அடி பலமாக விழுந்தது. நடுவில் புகுந்து காப்பாற்றியவர் கலைச்செல்வி அம்மா. கருத்தாளருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தார். "மூணு நிமிஷமா? மூணு செகண்டு மேடம். நிமிஷம்னா சொல்லிட்டேன்? எனக்குச் சொன்னவரு அப்படித்தானே சொன்னாரு..." என்று இழுத்தது அந்தக் குரல். மூன்று விநாடிதான். இரண்டாவது விநாடியில் சதீஷ் சரியாகவே சொல்லியிருந்தான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

அப்போது பர்வீன் எல்லாருக்கும் நடுவில் நின்று நடந்ததை முதலிலிருந்து நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குள், அத்தனை பேர் முன்னால், நிறுத்தாமல். அவளுடைய அம்மா பாட்டிலை மூடிவைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேயோ பயிற்சியோ, எம்பொண்ணு பேசிட்டா. அவ இங்கயே படிக்கட்டும். சாரும் இருக்கட்டும். ஆனா தாயத்து கட்டிக்கணும்."

கட்டிக்கொண்டேன். வேப்பிலை அடியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பர்வீன் இப்போது மேல்நிலைப் பள்ளி மாணவி. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு ஓடிவந்து பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அன்னிக்கு என் தோளுக்குப் பின்னால எல்லாரும் என்னத்தப் பாத்தீங்க?"

அவள் பேச்சு நின்றது. என் கண்ணையே பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். அப்படியே சிரித்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் முதலில் ஓடினேன். வேப்பூர் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எனக்கு வேப்பூரில் ஒரு வேலையும் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் மனைவி ஏதாவது கேட்டு நான் சற்றே யோசித்தால் போதும், மகள் கத்துகிறாள். "அம்மா, அப்பாவுக்குள்ள யாரோ வந்திருக்காங்க!"

அடுப்படியிலிருந்து பதில் வருகிறது. "வந்தவங்களாவது பதில் சொல்றாங்களான்னு கேளு!"