எர்த்து அக்காவின் கம்ப்யூட்டர்

டயகம தேயிலைத் தோட்டத்தில் இடி விழப்போவதை வானத்துக்கு முன்பே அறிந்த ஒரே ஆள் எங்கள் எர்த்து அக்காதான். நாங்கள் முழக்கம் கேட்டு அண்ணாந்து பார்ப்போம். அதற்குள் அவர் வீட்டில் பிளக், நெட் வயர் எல்லாம் கழன்று, கம்ப்யூட்டர் கம்பளி போர்த்திக்கொண்டிருக்கும்.

குவைத்தில் உழைத்துவிட்டு வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய குவாட்டர்ஸில் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வீடு. வயரும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். லயத்தில் யாராவது அயன் போட்டால் அக்கா வீட்டு பல்பு கண் சொருகும். உடனே வாசலுக்கு வந்து, அது யாராக இருந்தாலும் கசங்கிய சட்டையோடு கொஞ்சம் பொறுக்கும்படி சத்தம் போடுவார். ஸ்டெபிலைசர், யூபிஎஸ் எல்லாம் வைத்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆள் வைத்துச் சுவரோரம் மண்ணுக்குள் ஓர் எர்த்துக் கம்பி இறக்கினார். மண் காய்ந்தால் கம்பி வேலை செய்யாதாம். அதனால் காலையில் அதற்கு ஒரு வாளி தண்ணீர். கூரை நீண்டிருந்ததால் அந்த இடத்தில் மழை படாது. ஆகவே கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு கம்பிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? கொஞ்ச நாளில் கம்பிக்குக் குங்குமம் வந்தது, பிறகு பூ. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் நின்று கும்பிட்டுப் போனார்கள். அக்கா தடுக்கவில்லை.

"கும்பிடுறவங்க ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டுக் கும்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அதோடு அவருக்கு வாளி தூக்குகிற வேலை மிச்சம்.

படத்தை அச்சடித்துக் கொடுத்த பிறகும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏன் இத்தனை காவல் என்பதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை. கேட்டால் சிரிப்பார்.

அப்பா தவறிய அன்று தெரிந்தது. சாவு வீட்டில் வைக்க அவர் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததும் பாதி அழிந்திருந்தது. அக்காவிடம் ஓடினேன். வானம் முழங்கிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் கம்பளிக்குள். நாலு மணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கெஞ்சினேன், கோபத்தில் கத்தியும் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"இப்ப போட்டு எரிஞ்சி போச்சின்னா ஒங்கப்பா மட்டும் போக மாட்டாரு தம்பி. இந்தத் தோட்டத்துல செத்தவங்க அத்தன பேரும் இன்னொருக்கா போயிருவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, இடி விழுந்தது. லயத்தில் பல வீட்டு டிவி அன்றோடு சரி. மழை ஓய்ந்து, பல்பு நிலையாக எரிவதைப் பார்த்த பிறகுதான் அக்கா கம்பளியை எடுத்தார்.

திரை முழுக்கத் தோட்டத்து முகங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடையாள அட்டைக்குச் சிரிக்கக் கூடாதே என்றேன்.

"அந்தப் படம் அட்டை குடுக்கிறவங்களுக்கு. அத எடுத்து முடிச்சதும் சிரிக்க வச்சு இன்னொன்னு எடுப்பேன். அது எனக்கு."

அப்பா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் யாரும் பார்த்திராத சிரிப்பு. நேரத்தோடு படம் வீடு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், பிறகுதான் அழுதார்கள். அக்கா மேல் எனக்குள்ள பிரியம் அன்றைக்கு வந்ததுதான்; இன்னும் குறையவில்லை.